பட்டு, கம்பளி தவிர

கறை நீக்குவது பற்றித் தமிழில் நிறைய எழுதியவர்களில் நானும் ஒருவன். என் பெயரில் அல்ல. 'கும்பகோணம் வாசகி', 'தூத்துக்குடி சகோதரி', 'அனுபவமுள்ள இல்லத்தரசி' என்று நானே சூட்டிக்கொண்ட பல பெயர்களில் எழுதினேன். அந்தக் காலத்தில் நான் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்தவன் இல்லை. கழற்றிப் போட்ட சட்டை எந்த வழியாகப் போய், எப்படி மடிப்புக் கலையாமல் அலமாரிக்குத் திரும்பி வருகிறது என்று யோசித்தவனும் இல்லை.

எண்பதுகளில் சென்னையில் ஒரு வார இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். பக்கம் கட்டும்போது கதைக்கு அடியில் நாலு விரல் இடம் மிஞ்சும். அதை அடைக்கத் துணுக்கு வேண்டும். சிரிப்பு, பொன்மொழி, வீட்டுக் குறிப்பு என்று மூன்று வகை. சிரிப்புக்கு யோசிக்க வேண்டும், பொன்மொழிக்குப் புத்தகம் புரட்ட வேண்டும். வீட்டுக் குறிப்புக்கு இரண்டும் வேண்டாம். நடைபாதையில் எடைக்கு வாங்கிய பழைய ஆங்கிலப் பெண்கள் இதழ்கள் என் மேசைக்கு அடியில் ஒரு கட்டு கிடந்தன. அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தமிழாக்கி, 'புத்தம் புதிது போல் மின்னும்' என்று முடித்தால் வேலை முடிந்தது. அந்த முடிப்பு என் சொந்தச் சரக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நான் சோம்பேறி அல்ல. இதைச் சொல்வது தற்காப்புக்காக இல்லை, குற்றத்தின் கனம் தெரிவதற்காக. அரசியல் கட்டுரையில் ஒரு அமைச்சரின் முன்னெழுத்து சரியா என்று பார்க்க நூலகத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். ஒரு சினிமா வெளியான வருடத்துக்காக மூன்று பேருக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறேன். கறைக் குறிப்பை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. கேட்பதற்கு வீட்டிலேயே ஆள் இருந்தும் கேட்கவில்லை. அது பெண்கள் சமாச்சாரம், சரிபார்க்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம். முன்னெழுத்து தவறினால் அமைச்சருக்கு ஒரு நாள் கோபம், அவ்வளவுதான். குறிப்பு தவறினால் ஒரு வீட்டில் ஒரு புடவை போகும். எது பெரிய நஷ்டம் என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் தயங்காமல் முன்னெழுத்து என்றுதான் சொல்லியிருப்பேன்.

மெய்ப்புப் பார்க்கும் அம்மா ஒருவர் இருந்தார். ஒருநாள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"சார், மஞ்சக் கறைக்கு நல்லா சோப்பு போட்டுக் கசக்கினா உடனே போயிடும்னு போட்டிருக்கீங்க. சோப்பு போட்டா அது செவந்துல்ல போவும்?"

"துணுக்குதானேம்மா, விடுங்க" என்றேன். விட்டுவிட்டார். அப்படியே அச்சானது.

அவர் சொன்னது முழுக்க உண்மை. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் காரம் பட்டால் செங்கபில நிறமாகும். துணிச் சோப்பு காரம். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்தால் சிவப்பதும் இதே காரணத்தால்தான். தட்டில் மங்கலமாகத் தெரிவது சட்டையில் தெரிந்தால் பதறிப்போய் இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க இழை பிசிறுமே தவிரக் கறை குறையாது. சோப்பு நன்றாக அலசிப் போனால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும். குர்க்குமின் தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம், எண்ணெயில்தான் கரையும். குழம்பிலும் சாம்பாரிலும் அது எண்ணெயோடுதான் வந்து விழுகிறது. ஆகவே முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தில் நாலு சொட்டு, சற்றுநேர ஊறல், ஒரு அலசல். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். குர்க்குமின் வெளிச்சம் தாங்காது, வெயிலில் காய்ந்தால் தானாக வெளுக்கும். ஒரு நாளில் போகாவிட்டால் நனைத்து மறுநாளும் போட வேண்டும். இதை வெயில் கொளுத்தும் ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் ஒருமுறைகூட எழுதவில்லை. நான் வைத்திருந்த ஆங்கில இதழ்களின் ஊரில் மஞ்சளும் இல்லை, அவ்வளவு வெயிலும் இல்லை.

என் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கோளாறு உண்டு. அவை வேறு வீட்டுக் கறைகள். சிவப்பு ஒயின் கொட்டினால் என்ன செய்வது என்று அங்கே இருந்ததை, நம் வாசகிக்கு ஒயின் ஏது என்று 'திராட்சை ரசம்' என மாற்றி எழுதினேன். பந்துமுனைப் பேனா மை பட்டால் கூந்தலுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடிக்கச் சொன்னேன். பரமக்குடியிலும் பொள்ளாச்சியிலும் எத்தனை வீட்டில் அது இருந்திருக்கும்? அதில் வேலை செய்தது அதிலிருந்த ஆல்கஹால். மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரிட்டே போதும். அடியில் ஒரு வெள்ளைத் துணியை வைத்து, பஞ்சில் தொட்டு, ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றி ஒற்றி எடுத்தால் மை கீழ்த்துணிக்கு இறங்கும். இந்த ஒரு வரியை எழுத எனக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். காரணம் தெரியாதவனால் பொருளின் பெயரை மட்டும்தான் சொல்ல முடியும்.

நம் கறைகளோ என் பக்கத்தில் இடம்பெறவே இல்லை. வாழைக்கறைக்கு என்ன செய்வது என்று கேட்டு வாசகர் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆங்கில இதழில் வாழைமரம் இல்லை, ஆகவே என்னிடம் பதிலும் இல்லை. வெட்டிய தண்டிலிருந்து வடியும்போது வாழைச்சாறு பெரிதாக நிறம் காட்டாது. காற்றுப் பட்டதும் அதிலுள்ள பாலிபீனால்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து கரும்பழுப்பாகி, பருத்தி இழைக்குள் இறங்கிவிடும். உடனே தண்ணீரில் அலசினால் ஓரளவு தப்பிக்கலாம். காய்ந்துவிட்டால் வீட்டில் செய்ய ஏறக்குறைய ஒன்றும் இல்லை. வாழைத்தோப்பில் வேலை செய்பவர்கள் அதற்கென்றே ஒரு பழைய துணியை ஒதுக்கி வைத்திருப்பது இதனால்தான். 'போகாது' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டிருந்தால் எத்தனையோ பேருக்கு உழைப்பு மிஞ்சியிருக்கும். ஆனால் 'போகாது' என்ற துணுக்கை எந்த ஆசிரியர் அச்சேற்றுவார்?

இளநீரும் அப்படித்தான். கொட்டியபோது தண்ணீர் மாதிரி இருக்கும், ஒன்றும் தெரியாது. அப்படியே மடித்து வைத்தால் சில நாளில் பழுப்புத் திட்டு தலைகாட்டும். இஸ்திரி போட்டால் அப்போதே தெரியும், அதிலுள்ள சர்க்கரை சூட்டில் பழுக்கிறது. கொட்டிய உடனே பச்சைத் தண்ணீரில் அலசுவதைத் தவிர வேறு மருந்து தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத கறையைத்தான் முதலில் அலச வேண்டும் என்பதை இளநீர்க் கடைக்காரர்கள்கூட அறிவார்கள். நான் அறியவில்லை.

காப்பிக் கறையில் செய்தது இன்னும் மோசம். துணியை ஒரு கிண்ணத்தின் வாயில் இழுத்துக் கட்டி, உயரத்திலிருந்து கொதிநீரை ஊற்றச் சொன்னேன். பால் கலக்காத தேநீருக்கும், சில பழச் சாறுகளுக்கும், அதுவும் கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணியில், அது சரியான வழிதான். நம் வீட்டுக் காப்பி பாதிக்குமேல் பால். பாலில் புரதமும் கொழுப்பும் உண்டு. கொதிநீர் பட்டால் புரதம் இறுகி இழையைப் பிடித்துக்கொள்ளும். முதலில் குளிர்ந்த நீர், பிறகு டிடர்ஜெண்ட், புரதம் போனபின் வேண்டுமானால் வெதுவெதுப்பான நீர் என்பதே முறை. காப்பிக்குச் சொந்தமான நிறத்துக்கு டிடர்ஜெண்ட் திரவம் ஒத்துவரும். பழைய மாதிரிக் கொழுப்புச் சோப்புக் கட்டியைப் போட்டுத் தேய்த்தால் அது இன்னும் பதியக்கூடும். ஒரு டம்ளர் காப்பிக்குள் மூன்று வகைக் கறை இருக்கிறது, மூன்றுக்கும் வரிசை இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல், ஒரே வரியில் 'காப்பிக் கறை நீங்க' என்று தலைப்பிட்டேன்.

ரத்தக் கறையைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு அதிகமாகக் கூச்சம் வருகிறது. அதைக் கேட்டு வந்த கடிதங்கள் எதைக் குறிக்கின்றன என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். மாதவிடாய் என்ற சொல் எங்கள் பக்கங்களில் வராது. ஆகவே 'குழந்தை விளையாடி அடிபட்டு வந்தால்' என்று ஒரு குழந்தையைக் கீழே தள்ளிவிட்டுத் தொடங்கினேன். அதற்குப் பிறகும் சரியாகச் சொன்னேனா? வெந்நீரில் ஊறவைக்கச் சொன்னேன். சுத்தம் என்றால் சூடு என்பது என் ஊகம். முட்டை வெந்நீரில் என்ன ஆகிறதோ அதுதான் துணியில் ரத்தத்துக்கும் ஆகிறது. பச்சைத் தண்ணீர், அதில் கொஞ்சம் உப்பு, அலசியபின் டிடர்ஜெண்ட். பிடிவாதமான தடத்துக்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடை 3 சதவீத அளவுக்கு நீர்த்து ஒரு சொட்டு விட்டால் நுரைத்து வெளுக்கும். சாயத் துணியில் அதையும் ஓரத்தில் சோதித்த பிறகே தொட வேண்டும். தமிழ்நாட்டில் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட எந்தப் பெண்ணைக் கேட்டாலும் பச்சைத் தண்ணீர் என்று தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பாள். அவர்களுக்குத் தெரிந்ததை அவர்களுக்கே தவறாகச் சொல்லி, அதற்கு விலையும் வாங்கினோம்.

கெடுதல் செய்யாத ஏமாற்று ஒன்றும் உண்டு. சோடா உப்பையும் வினிகரையும் சேர்த்துப் பூசினால் பொங்கிக் கறையைத் தூக்கிவிடும் என்றது. பொங்குவது உண்மை. ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரியமில வாயுவாகப் பொங்கித் தீர்ந்தபின் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுக்கும் வேலை உண்டு, சேர்த்தால் வேடிக்கை மட்டும்தான். நுரையைப் பார்த்ததும் வேலை நடக்கிறது என்று நம்பும் மனம் என் மூலதனமாக இருந்தது.

அடுத்தது வேடிக்கை இல்லை. ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் இரண்டு மூடி வினிகர் சேர்த்தால் வெளுப்பு இரட்டிப்பாகும் என்று ஒருமுறை எழுதினேன். இதற்கு ஆங்கில மூலம்கூடக் கிடையாது. ப்ளீச் நல்லது, வினிகர் நல்லது, இரண்டும் சேர்ந்தால் ரொம்ப நல்லது என்று மேசையில் உட்கார்ந்து நானே கட்டியது. ப்ளீச் கரைசலில் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர் போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். குளியலறை சின்னது, சன்னல் உயரத்தில், கதவு சாத்தியிருக்கும். அங்கே ப்ளீச்சோடு வினிகரோ, எலுமிச்சையோ, கக்கூஸ் கழுவும் ஆசிட்டோ சேரக் கூடாது. அம்மோனியா உள்ள எதுவும் சேரக் கூடாது. அந்தத் துணுக்கு வந்த வாரம் யாரும் எதுவும் எழுதவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

ஆனால் எழுதியவர் ஒருவர் உண்டு. அது வேறு துணுக்குக்காக. இத்தனை வருடம் கழித்து இந்த வாக்குமூலத்தை எழுத வைத்தது அந்தக் கடிதம்தான்.

ஆங்கில மூலம் சரியாகவே இருந்தது. வெள்ளைத் துணியில் பழைய கறை இருந்தால், பட்டு, கம்பளி தவிர மற்றவற்றை நீர்த்த ப்ளீச்சில் சிறிதுநேரம் ஊறவைத்து அலசலாம் என்றது. நானும் அப்படியே மொழிபெயர்த்தேன். பக்கம் கட்டியபோது ஒரு வரி மீறியது. 'புத்தம் புதிது போல் மின்னும்' என்பதை வெட்டினாலும் வரி அடங்கியிருக்கும். அது என் முத்திரை வரி, அதை வெட்ட மனம் வரவில்லை. 'பட்டு, கம்பளி தவிர' என்ற மூன்று சொற்களை வெட்டினேன். பக்கம் அழகாக அமைந்தது.

சில வாரம் கழித்து ஒரு இன்லண்டு கடிதம் வந்தது. தென்மாவட்டத்திலிருந்து ஒரு பெண். அவருடைய அப்பாவின் கல்யாணப் பட்டு வேட்டி. ஏதோ விசேஷத்தில் காப்பி கொட்டித் திட்டாகிப் பல காலம் பெட்டியில் கிடந்திருக்கிறது. நம் இதழைப் பார்த்து ப்ளீச்சில் ஊறவைத்திருக்கிறார். எடுத்தபோது வேட்டி முழுக்க மஞ்சளாகி இருந்திருக்கிறது. பிழிந்தபோது கையோடு கிழிந்திருக்கிறது. கடிதத்தில் வசவு இல்லை. அளவு அதிகமாகிவிட்டதா, நேரம் அதிகமாகிவிட்டதா, 'நான் எந்த இடத்தில் தவறு செய்தேன் என்று தயவுசெய்து தெரிவிக்கவும்' என்று கேட்டிருந்தார்.

பட்டு புரதம். ப்ளீச்சில் உள்ள ஹைப்போகுளோரைட் அந்தப் புரதத்தைத் தின்றுவிடும். முதலில் மஞ்சளாக்கும், பிறகு வலுவிழக்க வைக்கும், விட்டுவைத்தால் கரைத்தே விடும். கம்பளிக்கும் அதே கதி. பருத்தி செல்லுலோஸ், அளவோடு போட்டால் தாங்கும். இந்த விவரம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனால் எதை வெட்டினேன் என்பது தெரியும். கடிதத்தைப் படித்ததும் அந்த மூன்று சொற்களும் எழுத்துக்கூட்டி நினைவுக்கு வந்தன. ஆசிரியரிடம் காட்டியிருக்கலாம். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டிருக்கலாம். ஒரு கார்டில் பதில் எழுதியிருக்கலாம். எதையும் செய்யாமல் மேசை இழுப்பறையில் போட்டேன். அடுத்த வாரமும் துணுக்கு எழுதினேன். அமைச்சரின் முன்னெழுத்து ஒன்று தவறி வந்ததற்கு அதே மாதத்தில் கட்டம் கட்டி வருத்தம் தெரிவித்தோம் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

பணி ஓய்வுக்குப் பிறகு மனைவி மாடிப்படியில் வழுக்கிக் கையில் மாவுக்கட்டு போட்டபோது துவைக்கும் வேலை என்னிடம் வந்தது. இயந்திரம் இருந்தது, எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியவில்லை. முதல் நாளே ஒரு குழம்புத் திட்டில் சோப்புக் கட்டியை அழுத்தித் தேய்த்துச் சிவக்க வைத்துவிட்டு நின்றேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதின குறிப்பு எதையாவது நீ செஞ்சு பார்த்திருக்கியா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுகூட இல்லீங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே. அது உங்க ஆபீஸ் வேலைன்னு இருந்துட்டேன்."

அவளுக்குத் தெரிந்தவை எந்த இதழிலும் அச்சாகாதவை. துணியைக் கையில் எடுத்ததும் தண்ணீரைத் தேடுவதில்லை, கேள்வி கேட்பாள். என்ன பட்டது? எப்போது பட்டது? அதற்கு முன்பே யாராவது எதையாவது போட்டுத் தேய்த்தார்களா? துணி என்ன துணி, சாயம் நிற்குமா? உள்மடிப்பில் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்ப்பாள். நிறம் இறங்கினால் அந்தத் துணிக்கு வேறு நியாயம். கறையை முன்பக்கம் தேய்க்காமல் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டு வந்த வழியே வெளியே தள்ளுவாள். கறை முழுக்கப் போனது என்று வெளிச்சத்தில் பார்க்காமல் இஸ்திரிக்குக் கொடுக்க மாட்டாள், சூடு பட்டால் மிச்சம் நிரந்தரமாகிவிடும் என்பதால். எண்ணெய்த் திட்டுக்கு முகப் பவுடரைத் தூவி ஊறவிட்டுத் தட்டிவிட்ட பிறகே தண்ணீர் காட்டுவாள். பட்டுக்குப் பூந்திக்கொட்டைக் கரைசல், அதற்கு மேல் பிடிவாதம் பிடித்தால் டிரை கிளீனிங் கடை. கடையில் கொடுக்கும்போது என்ன கறை என்று மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதும் அவள் விதி.

இந்த ஞானம் அவளுக்கு வேதியியல் வகுப்பில் வந்ததல்ல. ஆனால் வேதியியல் அதை மறுக்கவில்லை. ஊருக்கு ஊர் வெள்ளாவி வைத்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. உவர்மண்ணில் ஊறவைத்து நீராவியில் அவித்தால் எண்ணெய் அழுக்கு கழன்றுவிடும், ஏனென்றால் உவர்மண் காரம், காரமும் எண்ணெயும் சேர்ந்தால் சோப்பு. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று குறியிட அவர்கள் எடுத்தது சேங்கொட்டைச் சாறு, மேலே சுண்ணாம்பு. எத்தனை வெள்ளாவி கண்டாலும் அந்தக் குறி போகாது. எது போகும், எது போகாது என்ற அறிவு ஒரே கையில் இருந்தது. போவதை எடுப்பதும் போகாததை இடுவதும் அதே தொழில். அவர்கள் யாரையும் என் இதழ் ஒருநாளும் கேட்டு எழுதியதில்லை. அந்த வாசல்களைத் தாண்டித்தான் தினமும் அலுவலகம் போனேன்.

நான் எழுதியதில் சரியானதும் சில இருந்தன என்பதைச் சொல்லாவிட்டால் அதுவும் பொய்யாகும். பீரோ ஊக்குப் பட்ட துருக் கறைக்கு எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் வைக்கச் சொன்னது சரி. அமிலம் துருவைக் கரைக்கும். ஆனால் அங்கேயும் பாதியைத்தான் சொன்னேன். சாயத் துணியில் எலுமிச்சை நிறத்தைக் கெடுக்கக்கூடும், ஜரிகையைக் கறுக்க வைக்கக்கூடும். துருவுக்கு ப்ளீச் போட்டால் மோசமாகும். வெள்ளைச் சட்டையின் அக்குள் மஞ்சளுக்கும் ப்ளீச் ஆகாது, மஞ்சள் கூடும். அந்த மஞ்சளுக்குப் பாதிக் காரணம் வியர்வை என்றால், மறுபாதி வியர்வை தடுப்பானில் உள்ள அலுமினிய உப்பு. சரியான குறிப்பும் 'தவிர' இல்லாமல் வந்தால் தவறான குறிப்புதான். என் துணுக்குகளில் 'தவிர' என்ற சொல் எங்குமே இருந்ததில்லை.

ஒரு குறிப்பை நம்பத்தக்கதாக்குவது அதன் உறுதியான குரல் என்று நினைத்திருந்தேன். துணுக்கின் வடிவமே அப்படிப்பட்டது. தயங்கினால் இடம் போதாது. எந்தத் துணி என்று கேட்டால் ஒரு வரி கூடும், எவ்வளவு நேரம் என்று சொன்னால் இன்னொரு வரி. தயக்கம், நிபந்தனை, விலக்கு என்று வாசகருக்கு உண்மையில் பயன்படுவதெல்லாம் முதலில் வெட்டுப்படும். மின்னும் என்ற வாக்குறுதி கடைசிவரை நிற்கும். வடிவத்தின் மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது.

போன வருடம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'பாட்டி சொன்ன ரகசியம்' என்று ஒரு செய்தி வந்தது. அடுப்பங்கரை ஓவியம், நாலு பூ, கீழே வெள்ளைத் துணிக் கறைக்கு ப்ளீச் வைத்தியம். முடிவில் 'புத்தம் புதிது போல் மின்னும்'. படித்த மாத்திரத்தில் என் பிள்ளையை அடையாளம் கண்டுகொண்டேன். எங்கோ அமெரிக்காவில் அச்சான குறிப்பு, என் கையில் மூன்று சொல் இழந்து, யாரோ ஒருவருடைய பாட்டியின் பெயரை வாங்கிக்கொண்டு, என் வீட்டுக்கே வந்திருந்தது. அப்போதும் நான் உடனே எழுதவில்லை. எழுதினால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். மைத்துனர் மகள் தன் நிச்சயதார்த்தப் பட்டுக்கு இதைச் செய்யலாமா என்று கேட்ட பிறகுதான் கை அசைந்தது. செய்யாதே என்றேன், காரணம் சொன்னேன், இதை எழுதியவன் நான்தான் என்பதையும் சொன்னேன். சிலர் சிரிக்கும் முகத்தைப் போட்டார்கள். அடுத்த மாதம் அதே செய்தி வேறொரு சித்தி வழியாக மறுபடி வந்தது. மறுபடியும் எழுதினேன். இனி எத்தனை முறை வந்தாலும் எழுதுவேன், அது பிராயச்சித்தம் அல்ல, செய்யாமல் விட்ட அலுவலக வேலை.

விட்டுப்போன பதில் ஒன்றும் இருக்கிறது. இழுப்பறையில் போட்ட கடிதம் இப்போது என்னிடம் இல்லை. முகவரியும் இல்லை. ஆகவே அதை இங்கே எழுதுகிறேன்.

அம்மா, நீங்கள் எந்த இடத்திலும் தவறு செய்யவில்லை. அளவும் சரி, நேரமும் சரி. நாங்கள் போட்டதை அப்படியே செய்தீர்கள், தவறு அதுதான், அது எங்களுடையது. உங்கள் அப்பாவின் வேட்டியை ப்ளீச் பக்கமே கொண்டுபோயிருக்கக் கூடாது. குளிர்ந்த நீரில் பஞ்சை நனைத்துப் பின்பக்கத்திலிருந்து ஒற்றியிருக்க வேண்டும். பூந்திக்கொட்டை ஊறிய நீரில் கசக்காமல் அலசி, நிழலில் உலர்த்தியிருக்க வேண்டும். பழைய கறை என்பதால் முழுக்கப் போயிருக்காது. வெளிறிய ஒரு திட்டு மிஞ்சியிருக்கும், வேட்டியும் மிஞ்சியிருக்கும். இதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு வேண்டியிருந்தவை மூன்று சொற்கள். அவை என் மேசைக்கு வந்தன, நான் வெட்டினேன். வருந்துகிறேன்.